முதலில் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் திங்கட்கிழமை இரவுகளில் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ வருகிறது. யாரோ ஒருவர் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த பொருளை மேசைமேல் வைப்பார். மதிப்பீட்டாளர் அது எங்கே, எப்போது, யாரால் செய்யப்பட்டது என்று சில நிமிடம் விளக்குவார். கடைசியில் விலையைச் சொல்வார். திரையின் அடியில் அந்தத் தொகை தோன்றும். பொருளைக் கொண்டுவந்தவர் வாயைப் பொத்திக்கொள்வார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் மனத்தில் தங்குவது அந்தத் தொகைதான். 2019 கோடையில் ஒரு படப்பிடிப்புக்கு நேரில் போய்வந்தேன். அதன் பிறகு அந்தத் தொகை எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. சேகரிப்பாளருக்கு வேண்டிய பாடம் விலைக்கு முந்தைய நிமிடங்களில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கேமரா எட்டிப் பார்க்காத மேசைகளில் நடக்கிறது.

நிகழ்ச்சியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1977இல் ஹெரிஃபோர்டு நகரத்தில் பிபிசி வெள்ளோட்டம் பார்த்தது. 1979இல் ஒளிபரப்பு தொடங்கியது. இன்றும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. பாஸ்டனில் உள்ள டபிள்யூஜிபிஹெச் நிலையம் 1996இல் அமெரிக்க வடிவத்தைப் படம்பிடிக்கத் தொடங்கி, 1997இல் ஒளிபரப்பியது. பல ஆண்டுகள் பெரிய மாநாட்டு அரங்குகளில் நடந்தது. இப்போது பெரும்பாலும் பழைய மாளிகைகள், அருங்காட்சியகங்கள், தாவரவியல் பூங்காக்கள் ஆகியவற்றில் நடத்துகிறார்கள்.

டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. விண்ணப்பித்துவிட்டுக் குலுக்கலில் பெயர் விழக் காத்திருக்க வேண்டும். விழுந்தால் இரண்டு டிக்கெட்டுகள் வரும். ஆளுக்கு இரண்டு பொருள்கள் கொண்டுபோகலாம். கொண்டுபோவது நம் பாடு. பீரோ, மேசை போன்ற பெரிய சாமான்களுக்கு முன்கூட்டியே புகைப்படம் அனுப்பினால், தேர்ந்தெடுத்தவற்றை அவர்களே ஏற்பாடு செய்து வரவழைக்கிறார்கள். ஓர் ஊருக்குச் சுமார் 70 மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். பெரிய ஏல நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் தனியாகக் கடை வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் அவரவருடையது. திரையில் முகம் தெரிந்தால் தொழிலுக்கு நல்லது என்பது ஒரு காரணம். ஆனால் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரே நாளில் கைக்கு வரும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? அந்த ஆசையை அங்கே பலர் முகத்தில் கண்டேன். அத்தனை பொருள்களில் படம்பிடிக்கப்படுபவை ஏறத்தாழ 150தான். அவற்றிலும் எல்லாம் ஒளிபரப்பாவதில்லை. நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது களத்துமேட்டில் தூற்றியெடுத்த நெல். மற்றதெல்லாம் நேரில் போனவர்களுக்கு மட்டும்.

நான் போனது டெலவேர் மாநிலத்தில் உள்ள வின்டர்தூருக்கு. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. ஹென்றி ஃபிரான்சிஸ் டுபான்ட் என்ற பெருஞ்செல்வர் வாழ்நாள் முழுவதும் அமெரிக்க மரச்சாமான், வெள்ளி, துணி, பீங்கான் என்று சேர்த்துக்கொண்டே போனார். அவற்றை வைப்பதற்காக வீட்டைக் கட்டிக்கொண்டே போனார். 175 அறைகளாகிவிட்ட அந்த வீடு 1951இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 90,000 பொருள்கள் அங்கே இருக்கின்றன. பழம்பொருள்களைப் பாதுகாக்கும் கலையில் பட்டம் பெறும் மாணவர்களுக்கு டெலவேர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அங்கே பயிற்சியும் தருகிறார்கள். ‘இதைத் தொடலாமா, கழுவலாமா’ என்ற கேள்விக்கே ஒரு முழு ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் வளாகம் அது.

முதல் வரிசை எல்லோருக்கும் பொது. எனக்கு முன்னால் நின்றவர் வயலின் பெட்டி வைத்திருந்தார். பின்னால் ஓர் அம்மையார் தோல் அட்டை போட்ட குடும்பப் பைபிளைக் குழந்தையைப் போல அணைத்திருந்தார். பொம்மை, வாள், சாக்கில் சுற்றிய ஓவியம், தள்ளுவண்டியில் தையல் மெஷின் எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. அவரவர் பொருளைப் பற்றி அவரவர் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். வரிசையின் முடிவில் பொது மதிப்பீட்டாளர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். கடிகாரம், வெள்ளி, ஓவியம், அச்சுப்படம், நகை, துணி, ஆயுதம், ஆசியக் கலை என்று இருபதுக்கும் மேற்பட்ட துறைகள். ஓவிய வரிசைதான் எப்போதும் நீளம்.

வயலின்காரரின் வயலினுக்குள் ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ என்று அச்சிட்ட காகிதம் ஒட்டியிருந்தது. இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞரின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் தொழிற்கூடங்கள் அந்தப் பெயரை ஒட்டி ஏராளமான வயலின்களை அனுப்பின. ஏமாற்றும் நோக்கம் என்று சொல்ல முடியாது. இன்னார் வடிவமைப்பைப் பின்பற்றியது என்பதுதான் அந்தக் காகிதம் சொன்ன செய்தி. அவரிடம் மதிப்பீட்டாளர் காட்டியது காகிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த நாட்டின் பெயரை. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிக்க வேண்டும் என்றது. ஆகவே ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குப் பிந்தையது. ஜப்பானியப் பீங்கானில் இது இன்னும் தெளிவு. ‘நிப்பான்’ என்று இருந்தால் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. அதன் பிறகு ‘ஜப்பான்’ என்று போடச் சொன்னார்கள். போருக்குப் பிறகு 1952 வரை ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற முத்திரையும் வந்தது. ஒரு சுங்க அதிகாரியின் விதி, நூறு ஆண்டு கழித்துச் சேகரிப்பாளரின் நாள்காட்டியாக உதவுகிறது. எனக்கு இந்த மாதிரிச் செய்திகள் ஒரு பெரிய விலையைக் கேட்பதைவிட இன்பம் தருகின்றன.

வயலின்காரர் முகம் வாடவில்லை. அப்பா வாசித்தது அது. வயது தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. பைபிள் அம்மையாரிடமும் விற்பனை மதிப்பு அதிகமில்லை என்றார்கள். ஆனால் முன்பக்கங்களில் கையால் எழுதிய பிறப்பு, இறப்புக் குறிப்புகளைப் பார்த்த மதிப்பீட்டாளர், அவற்றை உடனே படமெடுத்து ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொன்னார். தொலைக்காட்சியில் வரவே வராத உரையாடல் இது.

நான் கொண்டுபோனது ஒரு சேத் தாமஸ் கடிகாரம். அமெரிக்கக் கடிகாரங்கள்மேல் எனக்கு வந்த பற்று ஊரிலிருந்தே வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் அன்சோனியா என்று எழுதிய கடிகாரம் மணியடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கனெடிகட் மாநிலத்துச் சிற்றூர்களில் தொடங்கிய தொழில் அது. ஈலை டெரி என்பவர் 1807இல் 4,000 மரச்சக்கரக் கடிகார இயந்திரங்கள் செய்துதர ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றாகச் செதுக்கிய காலத்தில் அந்த எண்ணிக்கை பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். ஆனால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும்படி இயந்திரம் வைத்து வெட்டிச் செய்துமுடித்தார். அவரிடம் வேலை பார்த்தவர்தான் சேத் தாமஸ்.

என்னுடையது நெளிவுச் சட்டம் வைத்த பெட்டிக் கடிகாரம். இரண்டு இரும்பு எடைகள் இறங்கி ஓடுவது. கீழ்க்கதவில் ஓவியம் தீட்டிய கண்ணாடி. உள்ளே பின்பலகையில் ஒட்டிய காகிதத்தில் ஊரின் பெயர் ‘பிளிமத் ஹாலோ’ என்று இருக்கிறது. 1859இல் சேத் தாமஸ் இறந்த பின், 1860களின் நடுவில், அந்த ஊருக்கே அவர் பெயரை வைத்துத் தாமஸ்டன் ஆக்கினார்கள். ஆகவே பழைய ஊர்ப்பெயர் இருந்தால் அதற்கு முந்தையது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நான் கேட்கப்போனது ஒரே கேள்வி: கண்ணாடி அந்தப் பெட்டியுடன் பிறந்ததா, பிறகு வந்ததா?

கடிகார மேசையில் இருந்தவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. வாங்கியவுடன் பின்பக்கம் திருப்பினார். பிறகு கவிழ்த்தார். சுற்றி இருந்த மேசைகளையும் அப்போதுதான் கவனித்தேன். பீங்கான் மேசையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவிய மேசையில் படத்தின் முதுகை விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். மரச்சாமான் மேசையில் ஒருவர் இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்பலகையை விரலால் தடவினார். முன்பக்கம் வாங்குபவருக்காகச் செய்யப்பட்டது. அதைத் துடைத்திருப்பார்கள், மெருகிட்டிருப்பார்கள், மாற்றியிருப்பார்கள். பின்பக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனால் அங்கே உண்மை அதிகம் மிச்சமிருக்கிறது.

அவர் எனக்குக் காட்டிய இடங்களைச் சொல்கிறேன். பலகையில் ரம்பத்தின் தடம் நேர்கோடுகளாக இருக்கிறதா, வளைந்த கோடுகளாக இருக்கிறதா? வட்ட ரம்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. மரத் திருகாணியின் நுனி கூராக இருக்கிறதா? 1840களுக்கு முன் செய்தவை மொட்டை நுனியோடு இருக்கும். எங்காவது திருகாணிக்காகப் போட்ட ஓட்டை காலியாகக் கிடக்கிறதா? கிடந்தால் அங்கே வேறெதுவோ பொருத்தப்பட்டிருந்தது. எடைகள் இறங்கி ஏறிய தேய்மானம் பெட்டியின் உள்சுவரில் சரியான இடத்தில் இருக்கிறதா? (மரம் குறுக்குவாட்டில் சுருங்கும் என்பதால், வட்டமாகச் செய்த பழைய மேசைப் பலகை இன்று அளந்தால் சற்று நீள்வட்டமாக இருக்கும். இது பக்கத்து மேசையில் காதில் விழுந்தது.) கடைசியில் கண்ணாடிக்கு வந்தார். சாய்த்துப் பிடித்து, எதிரில் இருந்த கம்பத்தின் பிம்பத்தை அதில் பார்க்கச் சொன்னார். பழைய கண்ணாடியில் பிம்பம் அலையாடும். இதில் கோடு போட்டதுபோல நேரே நின்றது. கண்ணாடி பிற்காலத்தது. இயந்திரமும் பெட்டியும் காகிதமும் முகப்பும் ஒரே காலத்தவை. ஏலத்தில் 150இலிருந்து 200 டாலர் போகும் என்றார். பழைய கண்ணாடி இருந்திருந்தால் ஓரளவு கூடியிருக்கும். பென்சில்வேனியாவின் கொலம்பியாவில் உள்ள தேசியக் கடிகார அருங்காட்சியகத்துக்குப் போய் இதே வகையில் நல்ல கண்ணாடியுள்ளவற்றைப் பார்க்கச் சொன்னார். போனேன். கம்பத்தின் பிம்பத்தைத் தேடும் அந்தப் பழக்கம் இப்போது என்னைவிட்டுப் போவதில்லை. எந்தப் பழைய வீட்டு ஜன்னலையும் சாய்ந்துதான் பார்க்கிறேன்.

பொது வரிசையில் எனக்குச் சற்றுப் பின்னால் ஒரு பெரியவர் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். மேல்தட்டு கண்ணில் பட்டதுமே எங்கே கிடைத்தது என்று கேட்டுவிட்டேன். நியூஜெர்சிக்காரர். அவருடைய பாட்டி 1920களில் ஆற்காடு மிஷன் பள்ளி ஒன்றில், ராணிப்பேட்டையில், ஆசிரியையாக இருந்தாராம். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை 1853இல் தொடங்கிய மிஷன் அது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான் அதற்கு அடித்தளம். நியூஜெர்சியில் அந்தத் திருச்சபைக்கு ஆழமான வேர்கள் உண்டு. அங்கே சில வீட்டுப் பரண்களில் வட ஆற்காட்டுப் பொருள்கள் தூங்குவதில் வியப்பில்லை. நான் தமிழ் என்று தெரிந்ததும் விளக்கைக் கவிழ்த்து அடித்தட்டைக் காட்டினார். “இது எழுத்தா, அலங்காரமா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

எழுத்துதான். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்து. பாதி தேய்ந்திருந்தது. ஓர் ஊரின் மாரியம்மன் கோவிலுக்கு இன்னார் மகன் கொடுத்தது என்றும், தமிழ் எண்ணில் எடையும் வெட்டியிருந்தார்கள். நான் வாசிக்க வாசிக்க அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். தன்னோடு ஆசியக் கலை மேசைக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

அங்கே இருந்த அம்மையார் முதலில் சொன்னது: “இதைப் பளபளப்பாக்காமல் விட்டீர்களே, நன்றி.” எனக்கு உள்ளே ஒரு நெருடல். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கினால்தான் விளக்கு. களிம்பேறிய விளக்கு வீட்டுக்கு ஆகாது. அது பூஜைப்பொருளின் நியாயம். ஏற்றி வழிபடும்வரை அந்த நியாயம்தான் செல்லும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் துலக்கத் துலக்க வெட்டெழுத்து கரைகிறது என்பதும் கண்ணெதிரே இருந்தது. அந்த விளக்கில் எழுத்து தேய்ந்த பகுதி கோவிலில் கைகள் தேய்த்தது. மிச்சம் இருந்த பகுதி அமெரிக்கப் பரணில் யாரும் தொடாததால் தப்பியது.

மேற்பரப்பு பற்றிய இந்தக் கண்டிப்பை அமெரிக்காவில் ஊரறியச் செய்ததில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 1997இல் நியூஜெர்சியின் சிகாகஸில் ஓர் அம்மையார் ஒரு சிறு மடக்கு மேசையைக் கொண்டுவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டு வாசல் விற்பனையில் 25 டாலருக்கு வாங்கியது. மரச்சாமான் மதிப்பீட்டாளர்களான கீனோ சகோதரர்கள் அதைப் பார்த்துச் சொல்லிழந்தார்கள். பாஸ்டனில் ஜான் சீமோர் என்ற தச்சரும் அவர் மகனும் செய்தது. பட்டறையின் காகிதம்கூட ஒட்டியிருந்தது. யாரும் சுரண்டி வார்னிஷ் அடிக்கவில்லை. இரண்டு லட்சம் டாலருக்குக் குறையாது என்றார்கள். 1998 ஜனவரியில் சதபீஸ் ஏலத்தில் 5,41,500 டாலருக்குப் போனது. அதற்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் சுரண்டும் காகிதத்தைக் கையிலெடுத்த எத்தனை பேர் திரும்பக் கீழே வைத்திருப்பார்கள்!

ஆசியக் கலை மேசை அம்மையார் விளக்கைப் பார்த்து அடுத்துக் கேட்ட கேள்வி: “இது உங்கள் பாட்டிக்கு எப்படிக் கிடைத்தது?” பெரியவர் குடும்பத்தில் சொல்லப்படும் கதையைச் சொன்னார். ஒரு மாணவியின் தந்தை நன்றியாகக் கொடுத்தது என்பது கதை. அம்மையார் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, “கதை சரி. காகிதம் ஏதாவது இருக்கிறதா?” என்றார்.

இந்த ஒரு கேள்வி அன்று எல்லா மேசைகளிலும் என் காதில் விழுந்தது. கதையைக் கொண்டுவருபவர்கள் பொய் சொல்வதில்லை. மூன்று தலைமுறை அன்போடு சொல்லப்பட்ட கதை மெல்ல வளர்ந்துவிடுகிறது. நிபுணர்களும் கதையின் பிடியில் விழக்கூடியவர்கள்தான். 2015இல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் ஒருவர் ஆறு முகங்கள் கோரமாக முழித்துக்கொண்டிருக்கும் மண்ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டைக் காலிசெய்யும் விற்பனையில், மண்ணும் கோழி எச்சமும் ஒட்டிக் கிடந்ததை 300 டாலருக்கு வாங்கியது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்று கணித்து, 30,000 முதல் 50,000 டாலர் என்றார். ஒளிபரப்பான பிறகு செய்தி வந்தது: 1970களில் அதே மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி மண்பாண்ட வகுப்பில் செய்த ஜாடி அது! அவர் உயிரோடு இருந்தார். நிகழ்ச்சி தவறை வெளிப்படையாகத் திருத்தி, மதிப்பை 3,000 முதல் 5,000 டாலராகக் குறைத்தது. இந்தச் சம்பவத்தைச் சொல்லி நிகழ்ச்சியைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் மறுபக்கமாகப் பார்க்கிறேன். பதின்பருவப் பெண் ஒருத்தியின் கை அவ்வளவு தேர்ந்த கண்ணையும் நிறுத்தி வைத்தது என்றால் அந்த ஜாடி நல்ல ஜாடி. தவறைத் திருத்தி அறிவித்ததால் சேகரிப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. இதைவிட மோசமாக நடந்ததும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஆயுத மதிப்பீட்டாளர்கள் இருவர், தங்களுக்குத் தெரிந்த ஒருவரை வாளோடு வரவழைத்து, முன்பே பேசிவைத்த நாடகத்தை நடத்தினார்கள். அவர்கள் பிறகு மோசடி வழக்கில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின.

காகிதத்தின் வலிமைக்கு அதே 2019 சுற்றில் ஒரு சாட்சி. வடக்கு டகோட்டாவின் வெஸ்ட் ஃபார்கோவில் முன்னாள் விமானப் படைவீரர் ஒருவர் ரோலக்ஸ் கைக்கடிகாரம் கொண்டுவந்தார். 1970களின் நடுவில் 345 டாலர் 97 சென்ட்டுக்கு வாங்கியது. கட்டிக் கெடுக்க மனம் வராமல் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். ரசீது, உத்தரவாதச் சீட்டு, பெட்டி எல்லாம் கூடவே இருந்தன. பின்மூடியில் ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை. அந்த வகைக் கடிகாரமே சுமார் 4,00,000 டாலர் போகும் என்றும், இந்த நிலையில் காகிதங்களோடு 5,00,000 முதல் 7,00,000 டாலர் என்றும் சொன்னார்கள். அவர் தரையில் விழுந்துவிட்டார். எல்லோருக்கும் அந்த விழுகை நினைவிருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது அந்த ரசீது.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஒரே பொருளுக்கு ஏல விலை, கடை விலை, காப்பீட்டு விலை என்று மூன்று சொல்வார்கள். காப்பீட்டு விலை பொதுவாக உயர்ந்தது, ஏல விலை தாழ்ந்தது. விற்றால் கைக்கு வருவது அதிலும் தரகு போக மிச்சம். திரையில் தொகையைப் பார்ப்பவர்கள் எந்த விலை என்று கவனித்துக் கேட்பதில்லை. காலமும் சேர்ந்துகொள்கிறது. 2004இல் செயின்ட் பாலில் 2,50,000 டாலர் என்ற பட்டெக் பிலிப் பைக்கடிகாரம் 2006 ஏலத்தில் 15 லட்சம் டாலரைத் தாண்டியது. மறுபக்கம், பழைய ஒளிபரப்புகளைப் புதிய விலையோடு மறுபடி காட்டும்போது பழைய மரச்சாமான்களில் பலவற்றின் மதிப்பு சரிந்திருப்பதைக் காணலாம். கழுகு இறகு பதித்த பழங்குடிப் பொருள்களுக்கு விற்பனை விலையே சொல்வதில்லை. அந்த இறகுகளை விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

விளக்குக்கு அந்த அம்மையார் சில நூறு டாலர் சொன்னார். பிறகு கோவிலுக்குக் கொடுத்தது என்ற வரியை என்னை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஏன் என்று எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கோவில் பொருள் என்றாலே இன்று அமெரிக்கச் சந்தையில் எல்லோரும் நின்று யோசிக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடப்பட்டு, மன்ஹாட்டனில் சுபாஷ் கபூர் நடத்திய கடை வழியாக ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கும் ‘காகிதங்கள்’ இருந்தன, அவை போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்திருந்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. 2014இல் சிலை திரும்பி வந்தது. கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு, விலையைக் கூட்டும் அலங்காரம் என்றுதான் பல சேகரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது அப்படி அல்ல. அது இல்லாத வெண்கலத்தை நான் தொட மாட்டேன். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு பழைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது என்பதை, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பழைய விளக்கு வாங்கிவர நினைக்கும் நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரியவரின் விளக்கு 1920களில் கடல் கடந்தது. சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பாட்டியின் கடிதங்களைத் தேடியிருக்கிறார். சில வாரம் கழித்து ஒன்றின் படத்தை எனக்கு அனுப்பினார். மாணவியும் இல்லை, நன்றிப் பரிசும் இல்லை. வேலூர்க் கடைத்தெருவில் பழைய பாத்திரக்காரர் உருக்குவதற்குப் போட்டிருந்த குவியலில் அதைப் பார்த்து, எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கினேன் என்று பாட்டி தன் தங்கைக்கு எழுதியிருக்கிறார். வாங்காவிட்டால் அடுத்த நாள் குடமாகியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கோவிலில் தேய்ந்த பாத்திரங்களைப் போட்டுப் புதியது வார்ப்பது வழக்கம்தான். அப்படிப் போயிருக்கலாம். வேறு வழியிலும் கடைக்கு வந்திருக்கலாம். கடிதம் அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அவர் கேட்கிறார். அந்தக் கோவில் இருக்கிறதென்றால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் கேட்டால் திருப்பியனுப்பத் தயார் என்கிறார். ஊர்ப்பெயரில் முன்பகுதி போய்விட்டது. முடிவில் ‘ம்பாடி’ என்று மட்டும் தெளிவாக இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கம் ‘பாடி’ என்று முடியும் ஊர்கள் நிறைய. வாணியம்பாடி என்றால் முன்னால் இவ்வளவு இடம் தேவைப்படாது. தேய்ந்த பகுதி ஏழெட்டு எழுத்துக்காவது இடம் கொள்ளும். அல்லது ஊரின் பெயருக்கு முன் தாலுகாவின் பெயரும் இருந்திருக்கலாம். கொடுத்தவரின் பெயர் ‘…சாமி கவுண்டன் மகன்’ என்று தொடங்கி அங்கேயே மங்கிவிடுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இப்படி முடியும் பெயருள்ள சிற்றூர்களும், அங்கே பழைய மாரியம்மன் கோவிலும் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். வெட்டெழுத்தின் படத்தைத் தனியாக அனுப்பிவைக்கிறேன்.